கொல்லிமலைக்கு ஒரு பகல் பயணம்: ஆர்கானிக் மேப்ஸ் செயலியும் கைப்பேசி சொல்லும் உயரமும்

காவிரிப் படுகையின் அன்றாடப் புழக்கத்தில் வரைபடத்திற்கு நீளமும் அகலமும் போதும். உயரம் யாருக்கும் தேவைப்படுவதில்லை. கல்லணைப் பகுதியில் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டராக இருக்கும் நிலம், அங்கிருந்து கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் பரவிக் கடலைத் தொடும் வரை கிலோமீட்டருக்குச் சராசரியாக அரை மீட்டர் அளவே தாழ்கிறது. ஆகவே, தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைத் தண்ணீர் அறியுமே தவிர, அந்தச் சாலையில் வண்டி ஓட்டுபவர் அறிவதில்லை. கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி செல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்விக்குத் தூரமும் நெரிசலுமே விடை சொல்லிவிடுகின்றன. இதே கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு தஞ்சைக் குடும்பம் ஒன்று விடியுமுன் புறப்பட்டு, கொல்லிமலை ஏறி, ஆகாய கங்கை அருவிக்குப் படியிறங்கி, அன்றிரவே வீடு திரும்பத் திட்டமிடும்போது கணக்கு தவறிப்போகிறது. ஏனெனில் அந்தப் பயணத்தின் நேரத்தைத் தீர்மானிப்பதில் கிலோமீட்டரைவிட உயரத்திற்கே பங்கு அதிகம். இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் என்ற வரைபடச் செயலி, இந்த மூன்றாவது அளவை எந்த அளவுக்கு நம்பத்தக்க வகையில் கையாள்கிறது என்பதை, தஞ்சாவூர்–கொல்லிமலைப் பகல் பயணத்தை அளவுகோலாகக் கொண்டு இந்த விமர்சனம் ஆராய்கிறது.

2021ஆம் ஆண்டு வெளிவந்த இச்செயலி, அதற்கு முன் பெயர்பெற்றிருந்த மேப்ஸ்.மீ என்ற செயலியைத் தொடக்கத்தில் உருவாக்கியவர்களே அதன் நிரலிலிருந்து கிளைபிரித்து வளர்த்தெடுத்த ஒன்றாகும். நிரல் எவரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த மூலமாக இருப்பதாலும், விளம்பரமும் பயனரைப் பின்தொடரும் ஏற்பாடும் இல்லாததாலும், கட்டணம் எதுவும் வாங்காததாலும் வணிகச் செயலிகளிலிருந்து இது வேறுபடுகிறது. இதில் காணப்படும் சாலைகளும் ஊர்ப்பெயர்களும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுத் தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் பிரிட்டனில் தொடங்கிய அத்தளத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தத்தம் ஊர்த் தெருவையும் குளத்தையும் கோயிலையும் தாங்களே வரைந்து சேர்க்கிறார்கள். இதன் வலிமையும் குறையும் இந்த ஒரே ஏற்பாட்டில் அடங்கியிருக்கின்றன: ஆர்வலர் ஒருவர் நடந்து வரைந்த இடத்தில் ஒற்றையடிப்பாதைகூடத் துல்லியமாக இருக்கும், ஒருவரும் எட்டிப்பாராத இடத்தில் பேருந்துச் சாலையும் பாதியில் நின்றுவிடும்.

தமிழ்நாட்டின் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டால், அதன்பின் தேடலும் வழிகாட்டலும் இணையமின்றி நடக்கின்றன. இங்கே பலருக்கும் உள்ள ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடுவது நல்லது. கைப்பேசி கோபுரத்தின் சிக்னல் போய்விட்டால் இருப்பிடம் காட்டும் வசதியும் போய்விடும் என்ற எண்ணம் சரியன்று. இருப்பிடத்தைக் கணக்கிடுவது வானிலிருந்து வரும் செயற்கைக்கோள் சிக்னலைக் கொண்டே என்பதால், விமானப் பயண நிலையில் வைத்த கைப்பேசியும் தான் நிற்கும் இடத்தைக் கண்டுகொள்ளும். கோபுரம் செய்யும் உதவி, எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை உடனே கொடுத்து, முதல் கணக்கை விரைவுபடுத்துவதுதான். அந்த உதவி இல்லாதபோது கைப்பேசி அப்பட்டியலைச் செயற்கைக்கோளிடமிருந்தே மெல்லப் பெற வேண்டியிருக்கிறது. ஒரு ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் துல்லியப் பாதைத் தரவு முழுமையாக இறங்க அரை நிமிடமும், எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியல் முழுவதும் இறங்கப் பன்னிரண்டரை நிமிடங்களும் பிடிக்கும். கொல்லிமலையின் மேலுள்ள செம்மேட்டில் சிக்னல் உள்ளபோதே இருப்பிட வசதியை இயக்கிவிட்டு அருவிப் பள்ளத்தாக்கில் இறங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பதற்கு இதுவே காரணம்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி, பின் காவிரிக் கரையோரமாக முசிறி, தொட்டியம், நாமக்கல் வழியாகச் சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி கடந்து காரவள்ளி அடிவாரம் சேரும் சாலையில் செயலியின் வழிகாட்டல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திருப்பங்கள் சரியாகச் சொல்லப்படுகின்றன. நேரடி நெரிசல் தகவல் இதில் கிடையாது என்பதால் திருச்சி நகரைக் கடக்கும் நேரத்திற்கு மட்டும் பயனர் தன் அனுபவத்திலிருந்து அரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். விடியுமுன் கடந்துவிடுபவருக்கு அதுவும் தேவையில்லை. தொட்டியத்து வாழைத் தோட்டங்கள் முடிந்து நாமக்கல்லைத் தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறுகிறது. வண்டல் மறைந்து செம்மண்ணும் பாறையும் தலைகாட்ட, நெல்லின் இடத்தில் மரவள்ளியும் நிலக்கடலையும், கரடுகளின் மேல் முட்புதரும் தோன்றுகின்றன. படுகையிலிருந்து வருபவரின் கண்ணுக்கு இது பாலை என்றே படும். மழை குறைந்த மலையடிவார நிலம் என்பதே புவியியலார் தரும் விளக்கம்.

செயலியின் உண்மையான சோதனை காரவள்ளியில் தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைச்சாலை இங்கிருந்து மேலேறி, 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்திருக்கும் கொல்லிமலை மேட்டுநிலத்தைச் சேர்கிறது. அடிவாரத்திற்கும் மேட்டுநிலத்திற்கும் இடையே முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் செங்குத்து வேறுபாடு உண்டு. இதைப் புறப்படுமுன்னரே காண விரும்புபவருக்குச் செயலி இரண்டு வசதிகளைத் தருகிறது. ஒன்று சம உயரக் கோடுகள். அதாவது ஒரே உயரத்தில் உள்ள புள்ளிகளை இணைத்து வரையப்படும் கோடுகள். இவை நெருங்கி இருந்தால் சரிவு கடுமையானது, விலகி இருந்தால் மிதமானது. தஞ்சை வட்டாரத்தில் இந்த அடுக்கை இயக்கினால் திரை ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். காரவள்ளிக்கு நகர்த்தியதும் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுத்துப்போகின்றன. படுகைவாசிக்கு மலையைப் புரியவைக்க இந்த ஒரு காட்சியே போதும்.

இரண்டாவது வசதி குறுக்குவெட்டு. வழி நெடுகிலும் நிலம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் காட்டும் சிறு வரைபடம். நடைவழிக்கும் மிதிவண்டி வழிக்கும் இது வரையப்படுகிறது. காரில் செல்பவர் அதே இரு ஊர்களுக்கு இடையே மிதிவண்டி வழியைத் தேர்ந்து பார்த்தால் மலைச்சாலையின் குறுக்குவெட்டும் கிடைத்துவிடும் என்பது எளிய உபாயம். ஆனால் அப்படிக் கிடைக்கும் படத்தை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். சீராக ஏறும் சாலையானாலும் படத்தில் அது ரம்பப் பல்லைப் போல மேலும் கீழுமாகத் துள்ளுகிறது. மொத்த ஏற்றமாகத் தரப்படும் எண்ணும் உண்மைக்கு மிகையாகிறது. இதற்கான காரணத்தை உயரத் தரவின் பிறப்பில் தேட வேண்டும். 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் பதினொரு நாள் பறந்து, ரேடார் கொண்டு புவியின் நிலப்பரப்பில் பெரும்பகுதியின் உயரத்தை அளந்தது. இத்தகைய செயலிகள் பலவற்றின் உயரத் தரவுக்கு அதுவே அடிப்படை. அத்தரவில் நிலம் ஏறத்தாழ 30 மீட்டர், அல்லது பழைய வடிவில் 90 மீட்டர், பக்கமுள்ள கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கட்டம் ஒன்றுக்கு ஓர் உயரம் என்றே பதிவாகியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவின் மேற்கரமும் கீழ்க்கரமும் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடுவதால், சாலை எந்தக் கட்டத்தின் உயரத்தைப் பெறுகிறது என்பது வளைவுக்கு வளைவு தாறுமாறாகிறது. மேலும், அந்த ரேடார் அலை அடர்ந்த மரக்கவிகையை முழுதும் ஊடுருவித் தரையைத் தொடுவதில்லை என்பதால், காட்டுச் சரிவுகளில் மரத்தின் உயரமும் ஓரளவு நிலத்தின் உயரமாகவே பதிவாகியிருக்கிறது. கொல்லிமலைக்கு இந்தக் குறுக்குவெட்டிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கவை தொடக்க உயரமும் முடிவு உயரமும் மட்டுமே. இடையில் உள்ள பற்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வளைவுகளில் ஏறும்போது திரையைப் பார்ப்பதில் பயன் இல்லை, பார்க்கவும் கூடாது. எதிரே இறங்கிவரும் வண்டி எங்கே ஒதுங்க முடியும், எந்த வளைவில் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும் என்பவற்றை எந்தச் செயலியும் சொல்லாது. செங்குத்துச் சாலையில் ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்ற ஓட்டுநர் ஒழுங்குவிதி அறிந்திருப்பது இங்கே செயலியைவிட உதவும்.

அடுத்து, கைப்பேசி அந்தந்த நொடியில் சொல்லும் உயரம். செயலி இந்த எண்ணைத் தானாக உண்டாக்குவதில்லை. கைப்பேசியின் இருப்பிட ஏற்பாடு கொடுப்பதையே எடுத்துக்காட்டுகிறது. இதைச் சோதிக்க மலைக்குப் போகவேண்டியதில்லை. தஞ்சாவூர் ரயில் சந்திப்பின் நடைமேடை முனையில், எல்லா நிலையங்களிலும் போலவே, மஞ்சள் பலகை ஒன்று கடல் மட்டத்திற்கு மேல் அந்நிலையத்தின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயற்கைக்கோளின் மூல எண்ணைக் காட்டும் செயலியைத் திறந்து அப்பலகையின் அடியில் நிற்பவர், தஞ்சாவூர் கடலுக்குக் கீழே சுமார் முப்பது மீட்டர் ஆழத்தில் இருப்பதாகக் கைப்பேசி கூறக் காண்பார். கருவி பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்த எண் எங்கிருந்து அளக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

செயற்கைக்கோள் முறை, புவியை ஒழுங்கான ஒரு நீள்கோளமாகக் கருதிக்கொண்டு அதன் பரப்பிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் கடல் மட்டம் அப்படி ஒழுங்கானதன்று. புவியின் உள்ளே அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுபடுவதால் ஈர்ப்பும் மாறுபட்டு, அலையும் ஓதமும் நீக்கிய கடற்பரப்பே மேடும் பள்ளமுமாக அமைந்திருக்கிறது. இப்பரப்பை ஜியாய்டு என்பர். உலகிலேயே இப்பரப்பின் மிகப் பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், நீள்கோளத்திற்கு 100 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வு, புவியின் ஆழத்திலிருந்து எழும் சூடான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருளை இப்பள்ளத்தின் காரணமாகச் சுட்டுகிறது. அப்பள்ளத்தின் வடக்குச் சரிவில் தமிழ்நாடு அமைந்திருப்பதால், தஞ்சை வட்டாரத்தில் நீள்கோள உயரத்திற்கும் கடல்மட்ட உயரத்திற்கும் ஏறத்தாழ 90 மீட்டர் வேறுபாடு விழுகிறது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இந்த வேறுபாடு பொதுவாக இதைவிடக் குறைவு என்பதால் அங்கே எழுதப்படும் விமர்சனங்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. தமிழ்நாட்டுப் பயனருக்கோ இதுவே முதல் செய்தியாக இருக்க வேண்டும். ஐபோன் கடல்மட்ட உயரத்தையே தருகிறது. ஆண்ட்ராய்டில் 14ஆம் பதிப்பு முதல் இந்த மாற்றத்தைச் செய்யும் ஏற்பாடு அமைப்பிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது.

பழைய கைப்பேசி வைத்திருப்பவரும் கவலைப்பட வேண்டியதில்லை. தஞ்சையிலும் கொல்லிமலையிலும் இந்தப் பிழை ஏறத்தாழ ஒரே அளவு என்பதால், காரவள்ளியில் ஒரு முறையும் செம்மேட்டில் ஒரு முறையும் எண்ணைக் குறித்துக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் பிழை அடிபட்டுப்போய், ஏறிய உயரம் சரியாகவே கிடைக்கும். எஞ்சுவது செயற்கைக்கோள் முறையின் இயல்பான தடுமாற்றம். செயற்கைக்கோள்கள் பக்கவாட்டில் எல்லாத் திசையிலும் பரவியிருந்தாலும் காலுக்குக் கீழே ஒன்றுகூட இருக்க முடியாது. ஆகவே திறந்த வெளியில் கிடைமட்ட இடம் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் கிடைக்கும்போதும் உயரத்தின் பிழை அதைப்போல இரு மடங்கு வரை இருக்கும். மலைக்கு இது பொருட்டன்று. படுகைக்கோ இப்பிழை ஒரு வட்டத்தின் மொத்த ஏற்றத்தாழ்வையே விழுங்கிவிடும் என்பதால், வயலைச் சமப்படுத்த லேசர் கருவியை நம்பும் உழவர் கைப்பேசியை நம்பாதிருப்பது சரியே.

சில கைப்பேசிகளில் காற்றழுத்தமானியும் உண்டு. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதையும், கடல்மட்டத்தை ஒட்டி ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைவு ஏறத்தாழ 8 மீட்டர் ஏற்றத்திற்குச் சமமாவதையும் கொண்டு அது உயரத்தை நுட்பமாகச் சொல்கிறது. ஒரு மாடி ஏறினாலே எண் நகரும். வெப்பமண்டலத்தில் இதற்கு ஒரு கண்ணி இருக்கிறது. சூரிய வெப்பத்தால் வளிமண்டலம் நாளுக்கு இருமுறை விம்மித் தாழ்வதால், காற்றழுத்தம் காலை பத்து மணி அளவில் உச்சத்தையும் மாலை நான்கு மணி அளவில் தாழ்வையும் அடைகிறது. இவற்றின் இடைவெளி மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் ஆகலாம். காலையில் சரிசெய்த கைப்பேசியை மேசையை விட்டு அசைக்காமல் வைத்திருந்தாலும் மாலைக்குள் அது 25 முதல் 30 மீட்டர் ஏறிவிட்டதாகச் சொல்லும். உயரம் தெரிந்த இடம் வரும்போதெல்லாம் அதைத் திருத்திக்கொள்வதே வழி.

இவ்வளவு சிக்கலும் இருந்தும், கைக்குள் அடங்கும் கருவி இதைச் செய்கிறது என்பதன் அருமையை அறியத் தஞ்சையின் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவுகூரலாம். 1802இல் சென்னையில் தொடங்கிய பெரு முக்கோண நில அளவைக்காக வில்லியம் லாம்டன் படுகைக்கு வந்தபோது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை தென்னையும் சமநிலமுமாக இருந்த இந்த மண்ணில் பார்வைக்கோடு கிடைக்காமல் கோயில் கோபுரங்களையே நோக்குநிலைகளாகக் கொள்ள நேர்ந்தது. 1808இல் அரை டன் எடையுள்ள கோணமானியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் உயரத்திற்குக் கயிறு கட்டி ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்திற்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் உழைத்து அதன் வளையத்தை மீண்டும் வட்டமாக்கினார்.

கொல்லிமலையின் நடைப்பகுதிக்கு வருவோம். அறப்பளீஸ்வரர் கோயிலின் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகின்றன. ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழும் அந்தப் பள்ளத்தின் நீரும் கடைசியில் காவிரிக்கே வந்து சேர்கிறது என்பது படுகைக்காரருக்கு உவப்பான செய்தி. வழக்கமான மலையேற்றத்தில் களைப்பு முதலில் வந்து இறக்கம் பின்னால் வரும்; இங்கே அது தலைகீழ். உற்சாகமாக இறங்கி, குளித்து, கால் தளர்ந்தபின் ஏற்றம் காத்திருக்கிறது. செயலி தரும் தூரத்தைப் பார்த்தால் தெருமுனைக் கடைக்குப் போய்வரும் தொலைவாகவே தோன்றும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்திற்கும் இன்னொரு மணி நேரமும் சேர்க்கச் சொல்கிறது. படி ஒன்று 15 சென்டிமீட்டர் என்று குறைத்துக் கொண்டாலும் ஆயிரம் படிக்கு 150 மீட்டர் ஏற்றம். விதிப்படி ஏற்றத்திற்கு மட்டும் கால் மணி நேரம். ஆனால் அவ்விதி பழகிய கால்களுக்கும் நிற்காத நடைக்கும் உரியது. சமநிலத்தில் வாழ்ந்து பழகிய குடும்பம், அதிலும் முழங்கால் வலியுள்ள பெரியவர் உடனிருந்தால், அதை மூன்றாலோ நான்காலோ பெருக்கிக்கொள்வது நல்லது. பள்ளத்தாக்கின் அடியில் வானம் ஒரு கீற்றாகச் சுருங்குவதால் தெரியும் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை குறைகிறது. பாறையில் பட்டுத் திரும்பும் சிக்னல் வேறு கணக்கைக் குழப்புவதால், திரையில் உள்ள அம்பு படிவழியை விட்டுச் சரிவில் தாவுவதைக் காணலாம். படிகள் ஒரே வழியாக இருப்பதால் இங்கே அதனால் தீங்கில்லை. கிளைவழிகள் பிரியும் காட்டுப்பாதையில், இதே தாவல் ஒருவரைத் தவறான கிளையில் இறக்கிவிடக்கூடும் என்பதால், அங்கெல்லாம் ஒரு நிமிடம் நின்று, அம்பு நிலைபெற்ற பிறகே முடிவெடுக்க வேண்டும்.

மேட்டுநிலத்தில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் பெயர்களைச் செயலியில் தேடுபவர், அவற்றுள் சில கிடைக்காதபோதும் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும்போதும் திகைக்கத் தேவையில்லை. மேலே குறித்த தன்னார்வ முறையின் விளைவு அது. ஊரின் பெயரையோ கடையையோ செயலியிலிருந்தே சேர்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. மிளகும் அன்னாசியும் சாமையும் விற்கும் வழியோரத்துக் கடைக்காரர் சொல்லும் பெயரே வரைபடத்தில் ஏற வேண்டிய பெயர்.

மொத்தத்தில், எங்கே இருக்கிறோம் என்ற கேள்விக்குத் திறந்த வெளியில் இச்செயலியை முழுமையாக நம்பலாம். எவ்வளவு ஏற வேண்டும் என்ற கேள்விக்கு, மேலே சொன்ன திருத்தங்களோடு நம்பலாம். எப்போது போய்ச் சேர்வோம் என்ற கேள்விக்கு மலைச்சாலையில் நம்ப வேண்டாம். நெரிசல் தகவலுக்காக வணிகச் செயலி ஒன்றையும் மலைக்காக இதையும் சேர்த்து வைத்திருப்பதே பகல் பயணிக்குப் பொருத்தம். கண்ணாடிக்கு அடியில் வெயிலில் வைத்த கைப்பேசி சூடேறித் திரையை மங்கச் செய்துகொள்ளும் என்பதால், அதைக் குளிர்காற்று வரும் துளைக்கு எதிரே பொருத்துவது நல்லது. பாதையைப் பதிவு செய்யும் வசதியை இயக்கியிருந்தால் மின்கலம் விரைவில் இறங்கும் என்பதால், படியிறங்குமுன் வண்டியிலேயே அதை முழுதும் ஏற்றிக்கொள்ள வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அருவிக்கு இறங்கத் தொடங்குபவர், எழுபது வளைவுகளையும் இருட்டில் இறங்க நேரிடும் என்பதைப் புறப்படும் நேரத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.